நகரமைப்பும் நம் மக்கள் நல்வாழ்வும்

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், பள்ளிகளின் எண்ணிக்கையையும் தேர்ச்சி பெற்றோர் தொகையையும் கூறி அமைவது வழக்கம். நம் சங்கத்தின் இவ்வெள்ளிவிழா மலரிலும் அத்தகைய கட்டுரைகள் இடம்பெறும், அவை வேண்டியவையே. ஆயினும், மாணவன் உறங்கி எழுந்த வீடு, பருகிய நீர், பள்ளிக்கு நடந்து வந்த வழி ஆகிய மூன்றும், ஆசிரியர் கரும்பலகையில் எழுதத் தொடங்குமுன்பே அவன் கல்வியில் பாதியை முடிவு செய்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். எந்தத் தெருவில் வெள்ளம் தேங்குகிறது, எந்தத் தெருவில் காய்ச்சல் பரவுகிறது என்பதை வரைபடம் இன்றியே சொல்லிவிடலாம். தண்ணீர்க் குழாயடியில் காத்திருந்து, முதல் பாடவேளை முடிந்தபின் வந்து சேரும் பெண்பிள்ளைகளை அறியாத ஆசிரியர் நம் பகுதியில் இல்லை.

எனவே, கல்விச் சங்கத்தின் மலரில் நகரமைப்பைப் பற்றி எழுதுவது பொருந்தாச் செயல் அன்று. நகரங்களை நலமுள்ளவையாக ஆக்கும் முயற்சி உலகில் எவ்வாறு தோன்றியது, நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தது, அதில் நம் மக்களுக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்பவற்றை இங்கு வரலாற்று முறையில் காண்போம்.

நோயும் தெருவும்

நகரமைப்புக் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் நேரான தெருக்களும் செங்கல்லால் மூடிய கழிவுநீர்க் கால்வாய்களும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. ஆனால், 'தெருவைச் சீர்செய்தால் சாவைக் குறைக்கலாம்' என்பதைக் கணக்கெடுத்து மெய்ப்பித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டேயாகும். ஆலைகள் பெருகிய இங்கிலாந்தில், எட்வின் சாட்விக் என்பவர் 1842-இல் தொழிலாளர் வாழிடங்களின் சுகாதார நிலையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். லிவர்பூல் நகரில் இறந்தோரின் சராசரி வயது, உயர்குடியினர்க்கு 35, வணிகர்க்கு 22, தொழிலாளர்க்கு 15 என்று அதில் கண்டிருந்தது. தொழிலாளர் அனைவரும் பதினைந்து வயதிலேயே மாண்டனர் என்பது இதன் பொருளன்று. அவர்தம் குழந்தைகள் எண்ணற்றோர் தொட்டிலிலேயே மாண்டதால் சராசரி அவ்வளவு தாழ்ந்தது. ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே ஆறு. எனினும் வாழும் தெருவுக்கேற்ப ஆயுள் வேறுபட்டது.

1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டே சென்றார். புள்ளிகளில் பெரும்பாலானவை பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயைச் சூழ்ந்து நின்றன. அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் காற்றில் வருவதன்று, கழிவு கலந்த நீரில் வருவது என்பதை உலகுக்குக் காட்டிய முதற்சான்றுகளில் அது ஒன்று. காலராக் கிருமியை இராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து தெளிந்தது அதற்கு முப்பதாண்டுகள் பின்னர், 1884-இல். கிருமியின் உருவம் தெரிவதற்கு முன்பே நோயின் வழியை அடைத்தவர் ஸ்நோ. கையில் ஒரு வரைபடமும் வீடு வீடாகச் செல்லும் கால்களும் இருந்தால் இளைஞர் சிலரே ஊருக்கு எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சென்னை மாகாணத்தில்

ஆங்கிலேயர் இந்நாட்டில் சுகாதாரத்தில் கருத்துச் செலுத்தியது முதலில் தம் படைவீரரைக் காப்பதற்கே. 1859-இல் அமைத்த இராணுவச் சுகாதாரக் குழு 1863-இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே சென்னைக்கெனச் சுகாதாரக் கமிஷன் ஏற்பட்டது. 1872-இல் செங்குன்றம் ஏரி நீர் சென்னை நகருக்குக் கொணரப்பட்டது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன.

இவையெல்லாம் நன்மையே. ஆனால் ஊர்ப்புறத்தில் நம் முன்னோர் நிலை என்ன? ஊருக்கும் சேரிக்கும் இடையே கிடந்த நிலம் வெறும் நிலமன்று. அது ஒரு வகை நகரமைப்பே. ஊர் மேட்டில் இருக்கும்; சேரி பள்ளத்தில் இருக்கும். ஊரின் கிணறும் குளமும் சேரிக்கு உரியவையல்ல. ஊர்க்கழிவு இறங்கும் திசையிலேயே நம் குடிசைகள் இருந்தன. எவரும் தாளில் வரையாத இந்தத் திட்டம், எந்தச் சட்டமும் இன்றிப் பல நூற்றாண்டுகள் நிறைவேறி வந்தது.

1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சித் தலைவர் டிரெமன்ஹீர், அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் பிறந்த ஆணையே பின்னாளில் 'பஞ்சமி நிலம்' என்று நாம் கூறும் நிலஒதுக்கீட்டுக்கு அடிப்படை. அவ்வறிக்கையில் நிலத்தைப் பற்றிய செய்தியையே நாம் அடிக்கடி பேசுகிறோம். வீட்டுமனையைப் பற்றிய செய்தி அதற்குச் சற்றும் குறைந்ததன்று. குடிசை நின்ற மண்ணும் நிலவுடைமையாளர்க்கே சொந்தம். எதிர்த்துப் பேசியவனை வயலிலிருந்து மட்டுமன்றி வீட்டிலிருந்தும் வெளியேற்றலாம் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். மனை தன்னதாக இல்லாதவன் சுவரை எழுப்பவும் துணியான். கிணறு வெட்டவும் துணியான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் அஞ்சுவான். நலவாழ்வின் முதற்படி மருந்தன்று, மனைப்பட்டாவே என்பதை வரலாறு நமக்கு இவ்வாறு உணர்த்துகிறது.

கெடிஸ் என்னும் அறிஞர்

1914-ஆம் ஆண்டின் இறுதியில், சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் இங்கு வந்தார். அவர் உயிரியல் கற்றவர். செடியையும் உயிரினத்தையும் அவை வாழும் சூழலோடு சேர்த்துப் பார்ப்பது போலவே, மனிதனையும் அவன் ஊரோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை. நகரங்களைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் அடங்கிய அவருடைய பெருங்கண்காட்சி தனிக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அக்கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் கடலில் மூழ்கடித்துவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதும் அதே எம்டன்தான். கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய பொருள்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்திக் காட்டினார். பின் மாகாணத்தின் பல ஊர்களில் நடந்து நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

அவர் முறை எளியது. முதலில் ஊரைப் பார், பிறகு திட்டமிடு. மருத்துவன் நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, பின்னரே மருந்து தரவேண்டும் என்று வள்ளுவர் வகுத்த நெறியும் இதுவேயன்றோ! தஞ்சைக் கோட்டைப் பகுதியில், நெருக்கமான குடியிருப்புகளின் ஊடே நேர்நேரான சாலைகளை வெட்டி வீடுகளை இடித்துத் தள்ள ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் அதனை மறுத்தார். பாழ்பட்ட சில வீடுகளை மட்டும் அகற்றி, இருக்கும் சந்துகளை ஆங்காங்கே விரிவாக்கி, கிடைத்த வெற்றிடத்தில் மரம் நட்டால் காற்றும் வெளிச்சமும் வரும். மக்களும் தெருவில் நிற்கமாட்டார்கள். செலவும் மிகக் குறையும் என்று காட்டினார். அழுகிய இடத்தை மட்டும் அகற்றி உடலைக் காக்கும் அறுவை மருத்துவம் என்று இதனைச் சொல்லலாம்.

குளங்களைப் பற்றியும் அவர் கருத்து நினைக்கத்தக்கது. கொசு பெருகுகிறது என்று கூறிக் குளங்களைத் தூர்க்க அதிகாரிகள் முனைந்த காலம் அது. குளத்தைத் தூர்ப்பது தவறு. அதனைத் தூய்மை செய்து, கொசுப்புழுவைத் தின்னும் மீனையும் வாத்தையும் விடுங்கள் என்றார் அவர். குளம் தூர்ந்த ஊரில் மழைநீர் எங்கே போகும்? பள்ளத்தில் இருப்போர் வீட்டுக்குள்தான் போகும். கோடையில் கிணறும் வறண்டுபோகும். 2015-ஆம் ஆண்டின் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு இதனை விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இல்லை.

இந்தூரில் ஒரு தீபாவளி

கெடிஸ் வாழ்வில் நம் இளைஞர் தவறாது அறியவேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1917-18 ஆண்டுகளில் அவர் இந்தூர் சமஸ்தானத்தில் பணியாற்றினார். பிளேக் நோய் அங்குத் திரும்பத் திரும்ப வந்தது. தெருவில் வரைபடமும் கையுமாகத் திரியும் வெள்ளையரைக் கண்டு, வீட்டை இடிக்க வந்தவர் என்று மக்கள் அஞ்சினர். அவர் மன்னரிடம் சென்று, ஒரே ஒருநாள் தம்மை மகாராஜாவாக ஆக்குமாறு கேட்டார். மன்னர் இசைந்தார்.

தீபாவளியன்று புதுமையான ஊர்வலம் ஒன்று நடைபெறும். அது வழக்கமான வீதிகளில் வராது. எந்தத் தெருவார் தம் வீடுகளையும் தெருவையும் நன்றாகத் தூய்மை செய்கிறார்களோ அந்தத் தெரு வழியே வரும் என்று அவர் அறிவித்தார். நகரம் முழுவதும் துடைப்பம் எடுத்தது. குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது. ஊர்வல நாளில் யானையும் குதிரையும் வந்தன. திருமகள் வடிவம் வந்தது. அழுக்கு அரக்கனும், பெரிய பிளேக் எலியின் உருவமும் வந்தன. அவற்றின் பின்னே, வெள்ளாடை உடுத்து, மாலை அணிந்து, புதுவண்ணம் பூசிய வண்டிகளோடு நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள் பெருமிதமாக நடந்து வந்தனர். அன்று மாலை அரக்கனும் எலியும் தீக்கிரையாயினர்.

கோயில் ஊரில் வாழும் நமக்கு இச்செய்தி இரண்டு வகையில் தைக்கும். சுவாமி புறப்பாடு எந்தத் தெருவில் வரவேண்டும், எந்தத் தெருவில் வரக்கூடாது என்று சாதி முடிவு செய்த நாட்டில், தூய்மை முடிவு செய்யட்டும் என்று ஒருவர் சொன்னார். எவரைத் தீண்டலாகாது என்று ஒதுக்கினரோ அவரே நகரத்தைக் காக்கும் மருத்துவர் என்று வீதியில் காட்டினார். இது பாராட்டத்தக்கது. ஆயினும் நாம் மேலும் ஒரு கேள்வி கேட்கவேண்டியவர்கள். மாலை ஒருநாள் விழுந்தது. மறுநாள் அத்தொழிலாளி எந்தத் துடைப்பத்தோடு எந்தத் தெருவுக்குச் சென்றான்? அவன் மகனுக்கும் அதே துடைப்பந்தானா? நலமுள்ள நகரம் என்பது தூய்மையான நகரம் மட்டுமன்று. தூய்மை செய்யும் வேலை ஒரு குலத்தின் தலையில் எழுதப்படாத நகரமும் ஆகும்.

சட்டமும் போராட்டமும்

கெடிஸ் சென்ற சில ஆண்டுகளில் 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இத்துறையில் முழுமையான சட்டங்களுள் அதுவே முன்னோடி. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அதில் தனிப் பகுதியே உண்டு. பெருங்கூட்டம் கூடும் இடத்தில் நீரும் கழிப்பிடமும் மருத்துவ உதவியும் அமைப்பது உள்ளாட்சியின் கடமை என்பது அதன் கருத்து.

இச்சட்டங்களை இயற்றிய அதே காலத்தில் நம் தலைவர்கள் வேறொரு நகரமைப்பு நூலை எழுதிக்கொண்டிருந்தனர். 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானத்தின் வழியாக, பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எல்லா வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்ற அரசாணை அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்தது. 1920-ஐ ஒட்டி ஏற்பட்ட லேபர் கமிஷனர் அலுவலகம் நம் மக்களுக்கு வீட்டுமனையும் கிணறும் பாதையும் பள்ளியும் தரும் பணியை மேற்கொண்டது. 'லேபர் பள்ளி' என்ற பெயரை நம் முதியோர் வாயில் இன்றும் கேட்கலாம். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு அதுவே மூலம்.

மராட்டியத்தில் அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். அண்ணலின் வாழ்விலும் நகரமைப்பு வரலாறு கலந்துள்ளது. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியதன் விளைவாக 1898-இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு தோன்றியது. அது தொழிலாளர்க்கெனப் பரேலில் கட்டிய அடுக்குக் குடியிருப்பின் சிற்றறையில்தான் அண்ணல் நெடுங்காலம் வாழ்ந்தார், படித்தார், எழுதினார். கிராமத்தை விட்டு நகருக்குச் செல்லுங்கள் என்று அவர் நம்மை ஏவியதற்குக் காரணம், நகரம் அழகியது என்பதன்று. கிராமத்தில் நமக்கு இடப்பட்ட இடத்தை நகரத்தில் மாற்றிக்கொள்ள வழியுண்டு என்பதே.

நம் திருத்தணிகை

நம் ஊரின் வரலாறும் இதனோடு இணைந்ததே. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. தமிழர் நடத்திய எல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி. அவர்களும் மங்கலங்கிழாரும் ஆற்றிய தொண்டை அனைவரும் அறிவர். படாஸ்கர் முடிவின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து, 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. மாநிலம் மாறியது, மாவட்டம் மாறியது. ஊரின் கடைசியில் இருந்த நம் தெருக்களின் இடம் மட்டும் மாறவில்லை.

மலைமேல் முருகன் கோயில், ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள், அடிவாரத்தில் சரவணப் பொய்கை, ஊரையொட்டி நந்தியாறு. ஆடிக் கிருத்திகைக்குத் தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் காவடியோடு இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். நாற்பதினாயிரம் பேர்க்கு மேல் வாழும் சிறுநகரம் அந்நாள்களில் மாநகரமாகிவிடுகிறது. அத்தனை பேர்க்கும் நீர் தருவது யார்? பொய்கைக் கரையிலும் படிகளிலும் சேரும் குப்பையை இரவோடிரவாக வாருவது யார்? அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? அவர்கள் தெருவில் கால்வாய் கட்டப்பட்டுள்ளதா? திருவிழாவுக்குத் திட்டமிடுவோர் இக்கேள்விகளையும் சேர்த்துத் திட்டமிடவேண்டும். 2022-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. பெருநகரின் எல்லை நம் திசையில் வளர்ந்து வருகிறது. மனை விலை ஏறும், ஏரிக்கரைகள் மனைப்பிரிவாகும். விழிப்பாக இராவிட்டால், முன்பு சேரி எங்கு இருக்கவேண்டும் என்பதை வழக்கம் முடிவு செய்தது போல், இனிப் பணம் முடிவு செய்யும்.

அண்மைக் காலம்

1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 2021 முதல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றுள்ளது. 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டம் பழைய 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 1978-இல் நம் மக்களுக்கு மனை வழங்க நிலம் எடுப்பதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. இவற்றால் ஓட்டு வீடும் காரை வீடும் பெற்ற குடும்பங்கள் ஏராளம்.

எனினும் குறைகளையும் கூறவேண்டும். சென்னையின் ஆற்றங்கரைக் குடியிருப்புகள் அகற்றப்பட்டு, 2000-க்குப் பின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் எனத் தொலைவில் குடியமர்த்தப்பட்டன. வீடு கிடைத்தது, வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் தொலைந்தன. தஞ்சையில் கெடிஸ் எச்சரித்தது இதனையே. மனிதக் கழிவைக் கையால் அகற்றுவதை 1993-இலும், பின் 2013-இலும் சட்டம் தடுத்தது. கழிவுநீர்க் குழிகளில் மாண்டோர் குடும்பங்களுக்கு இழப்பீடாக 2014-இல் உச்சநீதிமன்றம் பத்து இலட்சம் ரூபாய் விதித்தது. 2023-இல் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்தவேண்டி வந்தது எதனால்? சாவு நிற்கவில்லை என்பதால் அன்றோ! 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் நீர் பருகும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தி நாட்டையே உலுக்கியது. மகத் குளத்துக்கும் அத்தொட்டிக்கும் இடையே தொண்ணூற்றைந்து ஆண்டுகள். 2025 ஏப்ரலில், 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர் மாறுவது நன்று; குழாயும் கால்வாயும் விளக்கும் அத்தெருவுக்குள் வருவது அதனினும் நன்று.

உலக சுகாதார நிறுவனம் 1986-இல் ஐரோப்பாவில் 'நலமுள்ள நகரங்கள்' என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பினால் மட்டும் போதாது. வீடு, நீர், வேலை, சாலை, பூங்கா ஆகியவற்றைத் திட்டமிடுவோர் அனைவரும் மக்களின் நலத்துக்குப் பொறுப்பாளர் என்பதே அதன் உட்கருத்து. 2011 மக்கள் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பத்தெட்டுப் பேர் நகரவாசிகள். நம் பிள்ளைகள் வாழப்போவது நகரத்திலேயே. அது எத்தகைய நகரம் என்பதே கேள்வி.

இளைஞர் கடமை

நம் சங்கத்து இளைஞர்க்கும் உறுப்பினர்க்கும் நாம் வேண்டுவன சில. முதலாவதாக, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வரைபடம் வரையுங்கள். எந்த வீட்டுக்குப் பட்டா உண்டு, எங்குக் குழாய் உண்டு, எங்கு நீர் தேங்குகிறது, யார் வீட்டில் எந்நோய் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜான் ஸ்நோவுக்கு வேண்டியிருந்தது இவ்வளவே. கையில் கணக்கு உள்ளவனை அலுவலகம் எளிதில் திருப்பி அனுப்ப இயலாது.

இரண்டாவதாக, 2022 முதல் நகர்ப்புறங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டு வருகின்றன. அங்குச் சென்று அமருங்கள், பேசுங்கள், தீர்மானத்தில் உங்கள் தெருவின் பெயரை எழுதச் செய்யுங்கள். நகரமைப்புத் திட்ட வரைவு வெளிவரும்போது ஆட்சேபணை தெரிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் உள்ளது.

மூன்றாவதாக, கல்வி. நம் பிள்ளைகள் ஆசிரியராகவும் செவிலியராகவும் காவலராகவும் ஆனது பெருமையே. இனி நகரமைப்பாளராகவும் ஆகவேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, நகரமைப்புப் படிப்புகள் உள்ளன. காந்திகிராமத்தில் சுகாதார ஆய்வாளர் பயிற்சி உள்ளது. அப்பனும் பாட்டனும் துடைத்த நகரத்தை மகனும் மகளும் வரையவேண்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், நம் சங்கத்தின் உதவித்தொகையில் படித்த ஒருவரேனும் திருத்தணியின் திட்ட வரைபடத்தில் கையொப்பமிடும் அதிகாரியாக அமரவேண்டும் என்பது நம் அவா. அதற்கான உதவித்தொகை ஒன்றை இவ்விழா ஆண்டிலேயே தொடங்குமாறு சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.